எல்லாரும் ஏறினால் இழுக்குமா

ஷோரூம்களில் எனக்கு முதலில் வானத்தைத்தான் காட்டினார்கள். ஒரு பொத்தானைத் தொட்டால் கூரை மெல்லப் பின்னால் நகரும். கும்மிடிப்பூண்டியின் வெளுத்த வானம் செவ்வகமாக உள்ளே இறங்கும். அதைத் தானே செய்துவைத்தவர்போல விற்பனையாளர் என் முகத்தைப் பார்ப்பார். நான் பானெட்டைத் திறக்கச் சொல்வேன். அவர் முகம் சற்று வாடும். பானெட்டைத் திறக்கச் சொல்லும் ஆள் அந்தப் பக்கம் வந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். ஓரிடத்தில் அதன் கொக்கி எங்கே இருக்கிறதென்று இரண்டு பேர் சேர்ந்து விரலால் துழாவினார்கள்.

திறந்தால் உள்ளே அவ்வளவு இடம். ஒரு ஆள் கால் மடக்கிப் படுத்துத் தூங்கலாம். நடுவில் கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில், மிக்சி மோட்டாருக்குப் பெரியண்ணன் மாதிரி ஓர் எஞ்சின். வெளியே பார்த்தால் லாரிக்கும் வழிவிடாத நெஞ்சு, முட்டிவரை உயர்ந்த சக்கரம், முறைக்கும் விளக்குகள். உள்ளே இது.

"ஒரு லிட்டர்தான் சார், மூணு சிலிண்டர். ஆனா டர்போ."

எல்லா ஷோரூமிலும் அந்த 'ஆனா' இருந்தது. காபியோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. திருத்தணி மலைப்பாதையின் நடுவில், வீட்டு ஆட்கள் எல்லாரும் நிறைந்த வண்டி நின்றுபோனால், யாரையும் இறக்காமல் அது மறுபடி கிளம்ப வேண்டும். யாரையும் என்று பொதுவாகச் சொல்கிறேன். இறங்கியது எப்போதும் என் அக்கா.

பொன்னேரிக்கு வடக்கே நெல் போடும் குடும்பம் எங்களுடையது. நான் சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன்களைப் பார்த்துக்கொள்கிறேன். அக்கா அதே சிப்காட் கேட்டுக்கு எதிரில் நாஷ்டா கடை வைத்திருக்கிறாள். மாமா போன பிறகு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வாசலுக்கே வந்துவிட்டாள். கிருத்திகை என்றால் திருத்தணி. அது நாங்கள் யோசித்து முடிவெடுக்கும் விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. பழைய சின்னக் காரில் அம்மா, மனைவி, அக்கா, பிள்ளைகள் என்று அடைத்துக்கொண்டு, ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூர் பிடித்துப் போவோம். அடிவாரத்திலேயே ஏசியை அணைப்பேன். கண்ணாடிகள் இறங்கும். எல்லாரும் சற்று மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் எடை குறையும் என்பதுபோல.

நடு வளைவில் முன்னால் ஏதாவது வேன் நின்றால் முடிந்தது கதை. கிளட்சை விட்டால் வண்டி குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். கருகும் வாசனை வரும். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்கும். அப்போது பின் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். அக்கா இறங்கியிருப்பாள். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம், மனைவி மடியில் பிள்ளை, எங்களில் கனமானவள் அக்கா. யாரும் யாருக்கும் எதையும் சொல்லத் தேவையில்லை.

"போங்க, போங்க. அரிசி மூட்டைய எறக்கியாச்சு. இப்ப பறக்கும் பாரு."

கதவை அறைந்து சாத்திவிட்டு வண்டியின் பின்பக்கத்தில் மாட்டைத் தட்டுவதுபோல ஒரு தட்டு தட்டுவாள். நாங்கள் மேலே போய் நிழலில் காத்திருப்போம். அவள் வெகுநேரம் கழித்து, முதுகில் ரவிக்கை ஒட்டிய வியர்வையோடு, சிரித்துக்கொண்டு வந்து சேர்வாள். முதல் கியர், இரண்டாம் கியர் மாதிரி அக்கா இறங்குவதும் அந்த வண்டிக்கு ஒரு கியர். பல வருடங்கள் அப்படித்தான் ஓட்டினேன்.

பிறகு அவள் முட்டி தேய்ந்தது. விடியுமுன் அடுப்பருகே நிற்கத் தொடங்கி மதியம்வரை நிற்கும் கால்கள். மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த கிருத்திகைக்குக் காலையில் நாங்கள் கிளம்பி நின்றபோது அவள் வாசலில் பழைய சேலையிலேயே இருந்தாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. கடைல ஆள் இல்ல."

கடையில் ஆள் இருந்தது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் போனோம். பின் இருக்கையில் அவளுடைய இடம் இருந்தது. பிள்ளைகள்கூட அதில் சாய்ந்து உட்காரவில்லை. அன்றைக்கு வண்டி ஒரு முறையும் திணறாமல் மலை ஏறியது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த வாரமே ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி தேடக் கிளம்பினேன்.

தேடியது ஒரு கோடைக்காலம் முழுக்க. நெடுஞ்சாலையின் இருபுறமும் கண்ணாடி மாளிகைகள். உள்ளே கடலை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள்போல வரிசையாக மின்னும் வண்டிகள். இருக்கை காற்று ஊதியது. கதவோரம் நீல விளக்கு எரிந்தது. திரையில் ஒரு பெண் குரல் எனக்குக் காலை வணக்கம் சொன்னது. பிக்கப் எப்படி என்று கேட்டால் மட்டும் கையேட்டைப் புரட்டினார்கள்.

"சார் ரேஸா ஓட்டப் போறீங்க?" என்று கேட்டார் ஒருவர். முப்பது வயதிருக்கும், கழுத்தில் டை, நல்ல மனிதர்.

"இல்லீங்க. எங்க அக்காவக் கூட்டிகினு திருத்தணி போவப் போறேன்."

"அதுக்கு இது தாராளம் சார். பக்கா ஃபேமிலி வண்டி."

அவரும் நானும் மட்டும் உட்கார்ந்து, மேஜைபோலத் தட்டையான நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டித் திரும்பினோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவர் பாட்டை வைத்தார். இறங்கும்போது "எப்படி சார்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் என் வேலையில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: வெறுங்கொக்கி.

மில்லுக்குப் புதுக் கிரேன் வந்தால், கொக்கியை வெறுமனே மேலும் கீழும் ஆட்டிக் காட்டிவிட்டு யாரும் கையெழுத்து வாங்கிப் போக முடியாது. எவ்வளவு தூக்கும் என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கிறதோ அதைவிடக் கால்பங்கு கூடுதலாக இரும்புக் கட்டிகளைக் கட்டித் தொங்கவிடுவோம். பாதி உயரத்தில் நிறுத்துவோம். அங்கிருந்து மறுபடி தூக்கச் சொல்வோம். கீழிருந்து ஒரே வீச்சில் தூக்குவதை எந்தக் கிரேனும் செய்துவிடும். அந்தரத்தில் நின்ற பிறகு, நழுவாமல், சுமையோடு மறுபடி மேலே போக வேண்டும்; அப்போதுதான் அது என்ன என்று நமக்குத் தெரியும். எத்தனையோ கிரேனைத் திருப்பி அனுப்பியவன் நான். ஒரு காரை மட்டும் ஏன் வெறுங்கொக்கியில் வாங்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் இறங்கினேன். ஷேர் ஆட்டோவிலிருந்து அம்மா, மனைவி, மகன், மகள், கடைசியாகக் கைப்பிடியைப் பற்றி ஒரு பக்கமாக அக்கா. டைகாரர் எங்களைப் பார்த்ததும் எல்லாருக்கும் சேர்த்துக் கைகூப்பினார். நான் எல்லாரும் ஏறப் போகிறோம் என்றதும் கை இறங்கியது.

"சார், டெஸ்ட் டிரைவுக்கு வழக்கமா ரெண்டு பேருதான்..."

"ஏழு சீட்டுன்னு வெளிய போர்டு போட்டு கீதேப்பா" என்றார் அம்மா. "அது சாமிக்கா?"

அவர் தோற்றுப்போய்ச் சாவியை எடுத்துவந்தார். அக்காவுக்காக முன் கதவைத் திறந்து பிடித்தார். "மேடம், நீங்க முன்னாடி வாங்க. உங்களுக்குக் கம்ஃபர்ட்டா இருக்கும்."

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வண்டி பார்க்கப் போகிறோம் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"இன்னாடா. கிரேனுக்கு இரும்பு கட்டித் தொங்க உடுவன்னு சொல்லுவியே. அந்த இரும்பு நானா?"

"ஆமாக்கா."

"அத நேரா சொல்ல வேண்டிதானே. இன்னும் ரெண்டு இட்லி சேத்துத் துன்னுட்டு வந்திருப்பேன்." டைகாரர் பக்கம் திரும்பினாள். "முன்னாடி ஒக்காந்தா எஞ்சினுக்கு என்னத் தெரியாது நைனா. அந்தக் கடைசி சீட்ட தெற."

நடு இருக்கையை மடக்கி, முட்டியைக் கையால் தூக்கி வைத்து, பெருமூச்சு விட்டு அவள் பின்வரிசையில் போய் அமர்ந்தாள். பக்கத்தில் என் மகன் அமர்ந்தான். வண்டியின் பின்பக்கம் இறங்கி, மூக்கு வானத்தைப் பார்த்தது. டைகாரர் நடுவில் அம்மாவுக்கும் என் மகளுக்கும் இடையே ஒடுங்கிக்கொண்டார். ஏழு பேர். நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பச் சொல்லிக் கை காட்டினார். நான் ரயில்வே மேம்பாலத்துக்குத் திருப்பினேன்.

அங்கே எப்போதும் டிரெய்லர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். அன்றும் ஒன்று, முதுகில் இரும்புச் சுருளோடு, ஏற்றத்தின் பாதியில் எங்களுக்கு முன்னால் நின்றது. நானும் நின்றேன். மனதுக்குள் அதற்கு நன்றி சொன்னேன்.

"சார், இங்க நிக்காதீங்க. ரன்னிங்ல வந்தா அழகா ஏறிடும்" என்றது பின்னாலிருந்து டைகாரர் குரல்.

"கிருத்திகை அன்னிக்கு யாரு ரன்னிங் குடுப்பா?" என்றாள் என் மனைவி.

டிரெய்லர் நகர்ந்தது. கிளட்சை விட்டேன். எஞ்சின் ஒரு விக்கல் விக்கி அணைந்தது. மறுபடி. இந்தத் தடவை ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, பிறகு திடீரென்று அந்த டர்போ தூக்கம் கலைந்து எழுந்து கத்தியது, வண்டி முன்னால் குதித்தது, டிரெய்லரின் வால் முகத்தருகே வந்தது. பிரேக். மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன்கள். கருகும் வாசனை. நான் வெகுநாள் பழகிய வாசனை.

கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அவள் கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தது. கதவின் கைப்பிடி. கடைசி வரிசையில் கதவு கிடையாது. விரல்கள் பிளாஸ்டிக்கைத் தடவி, தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில் போய் நின்றன. அவள் முகம் சாதாரணமாக இருந்தது. கைக்கு மட்டும் அந்த வேலை தெரிந்திருந்தது.

"எறங்க வழியே இல்லியேடா இதுல" என்றாள் பிறகு, சிரிப்போடு.

"யாராச்சும் ரெண்டு பேரு எறங்கிகிட்டா..." என்று ஆரம்பித்தார் டைகாரர்.

அம்மா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்ததால் அதற்கு அம்மா கழுத்தை நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. நான் கைப்பிரேக்கைப் போட்டேன்.

"அதான் டெஸ்ட் ரிசல்ட்டுங்க" என்றேன். "யாரும் எறங்கக் கூடாது. எஞ்சின்தான் வேலைல எறங்கணும்."

ஏசியை அணைத்து, கிளட்சைக் கொளுத்தி, எப்படியோ பாலத்தைத் தாண்டினோம். திரும்பி வந்ததும் டைகாரர் எல்லாருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். மேம்பாலத்தில் வியர்த்து நனைந்த காலரைத் தளர்த்திக்கொண்டு மெல்லச் சொன்னார்: "எல்லாரும் ரெண்டு ரெண்டு பேரா வந்து பாத்துட்டு வாங்கிடறாங்க சார். மேல கூரை தொறக்குதான்னுதான் கேக்கறாங்க." அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் அந்தப் பக்கத்து ஷோரூம்களில் பெயர் வாங்கிவிட்டது. அந்தப் பாலத்துக்குப் பல வண்டிகளைக் கூட்டிப்போனோம். ஒன்று கத்தியது, நகரவில்லை. ஆட்டோமேட்டிக் ஒன்று, கியரை மாற்றலாமா வேண்டாமா என்று தனக்குள் விவாதித்துக்கொண்டே பின்னால் நழுவியது. இன்னொன்று ஏறிவிட்டது, ஆனால் அன்றைக்கு அக்கா கடையில் இருந்தாள், அதனால் அது கணக்கில் இல்லை. தாளில் எல்லாவற்றுக்கும் குதிரைத்திறன் இருந்தது. அந்தக் குதிரைகள் எஞ்சின் உச்சியில் அலறும்போது மட்டும் லாயத்தைவிட்டு வரும் குதிரைகள். மேட்டில் நின்று கிளம்புகிறவனுக்கு அலறாமலே வரும் குதிரை வேண்டும். இதை நான் சொல்லச் சொல்ல விற்பனையாளர்கள் திரையின் அளவைப் பற்றிப் பேசினார்கள். மைலேஜ் பற்றிப் பேசினார்கள். மைலேஜ் எனக்கும் வேண்டும்தான். ஆளை இறக்கிவிட்டுக் காட்டும் மைலேஜ் எனக்கு எதற்கு?

கடைசியில் திருவள்ளூரில், பெரிய கண்ணாடி இல்லாத ஒரு ஷோரூமின் மூலையில் அதைக் கண்டோம். பழைய மாடல் வண்டி, டீசல், இரண்டு லிட்டருக்கும் மேல். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது டிராக்டர் மாதிரி லேசாகத் தொண்டையைச் செருமியது. பானெட்டைத் திறந்தேன். விரல் நுழைய இடமில்லை. மனசு நிறைந்தது.

"அப்பா, இந்த ஸ்கிரீன் என் ஃபோன விடச் சின்னதுப்பா" என்றான் மகன். "மேல தொறக்கவும் தொறக்காது."

"மேல பாக்கணும்னா எறங்கி நின்னு பாரு" என்றாள் அக்கா. "வானம் எங்கியும் போய்க்கினு இல்ல."

அவன் முறைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் ஏறினான். ஊருக்கு வெளியே ஒரு மேம்பாலம் இருந்தது. பாதி ஏற்றத்தில் நிறுத்தினேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரைத் தொடவில்லை, கிளட்சை மட்டும் மெல்ல விட்டேன். வண்டி, உட்கார்ந்திருந்த எருமை எழுந்து நடப்பதுபோல, எந்தக் கேள்வியும் கேட்காமல் மேலே நடந்தது. நான் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அவள் ஃபோனில் கடைப் பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், உளுந்தை ஊற வைக்கவில்லை என்று. மேடு வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவே இல்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கிருத்திகைக்குப் போனோம். அக்கா புதுச் சேலையில், நடு வரிசையில், ஜன்னலோரம். அடிவாரத்தில் பழக்கத்தில் என் கை ஏசி பொத்தானுக்குப் போனது. மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மலைப்பாதையில் வேன்களும் பஸ்களும் காவடிகளும். நடு வளைவில், எதிர்பார்த்த மாதிரியே, முன்னால் எல்லாம் நின்றது. நானும் நின்றேன். இனி நிற்பதில் எனக்கென்ன. ஸ்டியரிங்கில் தாளம் தட்டினேன்.

"டேய், கொஞ்சம் ஓரங்கட்டு. நான் எறங்கணும்" என்றாள் அக்கா.

நான் திரும்பிப் பார்த்தேன். "ஏன்க்கா? நல்லாத்தானே இழுக்குது."

"வண்டிக்கு இல்லடா. எனக்கு."

ஓரம் கட்டினேன். அவள் இறங்கி, முட்டியை ஒரு முறை நீவிக்கொண்டு, வளைவின் கைப்பிடிச் சுவர் அருகே பெரிய கறுப்புக் குடைக்கடியில் மோர்ப் பானையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் போனாள். அந்த அம்மாள் அவளைக் கண்டதும் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியை நகர்த்திப்போட்டாள். அக்கா அதில் உட்கார்ந்தாள், கடை பெஞ்சில் உட்காருவதைவிட வசதியாக.

"இன்னாம்மா, ரொம்ப நாளா கிருத்திகைக்குக் காணோம். காலு எப்டி கீது?"

"அப்டியேதான் கீது. உன் மருமக பெத்துட்டாளா?"

"பொண்ணு."

நான் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன். நாங்கள் மேலே நிழலில் காத்திருந்த நேரமெல்லாம் அவள் வெயிலில் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் இங்கே வாளியில் உட்கார்ந்து மோர் குடித்து, ஒரு குடும்பத்தின் கல்யாணம், கர்ப்பம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"இதான் எங்க தம்பி" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீதானா. உன்ன எவ்ளோ திட்டிகீறேன் தெரியுமா? பெரிய மனுசிய நடக்க உட்டுட்டு கார்ல போறான் பாரு, இவன்லாம் ஒரு ஆளான்னு."

"இனிமே திட்டாத. வண்டி மாத்திட்டான்."

"எங்க, அதுவா?" அவள் கண்மேல் கை வைத்துப் பார்த்தாள். "பெருசாத்தான் கீது. எல்லாருக்கும் மோர் குடு, எடுத்துகினு போ."

பிள்ளைகள் இறங்கி வந்து குடித்தார்கள். அம்மாவுக்கு ஒரு டம்ளர் வண்டிக்குப் போனது. முன்னால் வழி திறந்து, பின்னால் ஹாரன்கள் எழுந்தபோது எல்லாரும் ஏறிக்கொண்டோம். அந்தப் பாதையில் அதுதான் மிகச் செங்குத்தான இடம். கிளட்சை விட்டேன். வண்டி கிளம்பியது. நான் இரண்டாம் கியருக்குப் போனேன், தோள்களைத் தளர்த்தினேன், இனி ஒரே வீச்சில் உச்சி என்று காலை அழுத்தினேன்.

"மெதுவா போடா" என்றாள் அக்கா, கண்ணாடியை இறக்கிக்கொண்டு. "இன்னா அவசரம்? இங்கருந்து மேல வரைக்கும் எனக்கு ஆள் கீறாங்க."

மறுபடி முதல் கியருக்கு இறங்கினேன். பழைய வண்டியில் இப்படி ஊர்ந்திருந்தால் நின்றே போயிருக்கும். அதை எப்போதும் விரட்டித்தான் ஏற்ற வேண்டும். இது ஊர்ந்தது. அக்கா நடக்கும் வேகத்தில், அவள் ஒரு கை ஜன்னலுக்கு வெளியே தொங்க, சுமை முழுக்க வைத்துக்கொண்டு, குரல் உயர்த்தாமல் ஊர்ந்தது. பூக்காரி ஒருத்தி ஓடி வந்து அவள் மடியில் ஒரு முழம் போட்டாள். அடுத்த வளைவில், மயில் தோகை விற்கும் பெரியவர் கட்டுகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா தாயி, வண்டில வர்ற? காலு சரியாயிடுச்சா?"

"இல்லீங்க" என்றாள் அக்கா. "வண்டி சரியாயிடுச்சு."